சூசையம்மாள் சிஸ்டரும் சீல் வைத்த பெட்டியும்

சூசையம்மாளுக்குக் கோபம் மூக்கின் மேல் இருந்தது என்று சொல்பவர்கள் அவளைச் சரியாகப் பார்க்காதவர்கள். அது நாக்கிலேயே இருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் பிறந்து, மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு தகரப் பெட்டியோடு தில்லிக்கு வந்து இறங்கினாள். அன்று ஸ்டேஷனில் கூலிக்காரர் பெட்டியைத் தலையில் வைக்கும்போதே, "பையா, கழுத்துல கட்டி இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று தமிழிலேயே அதட்டினாளாம். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பயந்துபோய்த் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் மோதி பாகில், அரசாங்க டிஸ்பென்சரியில் ஊசி போடும் உத்தியோகம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "டைம் கிடைக்கலீங்க" என்பாள். வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் எடை, பல், பேன், சொறி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்தக் காலத்துக் கமிட்டிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் மத்திய சர்க்கார். பகலெல்லாம் ஏதாவது ஒரு பவனில் ஃபைல் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூடி மறுபடியும் ஃபைல் பார்ப்பார்கள். வம்பில்லாத காகிதம் என்றால் ஓரத்தில் இனிஷியல் விழும். கொஞ்சம் வம்பு வாடை அடித்தால் "கலந்து பேசவும்" என்று எழுதி அடுத்தவர் தலையில் தள்ளிவிடுவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பேனாவைத் திறந்தால் பயந்தாங்கொள்ளிகள்.

எண்பதாம் வருஷம் அக்டோபரில், காலைப் பிரார்த்தனையில் ஏழாம் வகுப்பு ஜலஜா மயங்கி விழுந்தாள். நல்லவேளை, அன்று வியாழக்கிழமை. சூசையம்மாள் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன கண்ணு சாப்பிடறே வீட்ல?"

"தயிர்சாதம், சிஸ்டர்."

"காய்?"

"பீட்ரூட், தக்காளி, கேரட் எதுவும் சாப்பிடறதில்லே. சிவப்பா எது சாப்பிட்டாலும் ரத்தம் ஜாஸ்தியா வருது." சொல்லிவிட்டு அந்தக் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டது. மூன்று மாதமாக அதற்கு மாதவிலக்கு. அது இன்னதென்று தெரியாமல், யாரிடமும் சொல்லாமல், தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜலஜாவின் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். "வயசுக்கு வந்தப்புறம் எல்லாம் சொல்லிக்கலாம்னு இருந்தேன், சிஸ்டர்" என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தாச்சும்மா. உங்களுக்குத்தான் தகவல் வரலை" என்றாள் சூசையம்மாள்.

அன்றைக்கே தலைமை ஆசிரியை விசாலாக்ஷியின் மேஜையில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினாள். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும், பெண்களுக்குத் தனியாக, பையன்களுக்குத் தனியாக, ஒரே ஒரு பீரியட். வளருகிற வயசில் உடம்பு எப்படி மாறும், ஏன் மாறும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தானே சொல்லித்தருவதாக எழுதினாள். விசாலாக்ஷி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நான் உங்க பக்கம்தான் சிஸ்டர். ஆனா என்னைப் பேசச் சொல்லாதீங்கோ" என்றாள். அந்த மட்டும் அவளுக்குத் தைரியம் இருந்ததே பெரிது.

விண்ணப்பம் நான்கு மாதம் ஊர்கோலம் போயிற்று. ஓரத்தில் நான்கு "கலந்து பேசவும்" சேர்ந்தது. கடைசியில் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் வராத குளிரில், மஃப்ளரும் மங்கி குல்லாயுமாக ஏழு பேரும் கூடினார்கள். சூசையம்மாளையும் அழைத்திருந்தார்கள்.

பேச ஆரம்பித்தவர் பட்டாபிராமன். அண்டர் செக்ரட்டரி. ஏழு பேரில் மூத்தவர். அவர் தும்மினால் மற்ற ஆறு பேரும் கைக்குட்டை எடுப்பார்கள்.

"சிஸ்டர், உங்க நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கலை. அச்சா? ஆனா மனப்பக்குவம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? பன்னெண்டு வயசுக் குழந்தைகள். அதுகளுக்கு இதையெல்லாம் தாங்கிக்கற மனசு வந்திருக்காது. மொட்டைப் பிரிச்சு மலர வைக்க முடியுமோ?"

"மொட்டு தானா மலரும் சார். ஆனா அது ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பயப்படறதில்லை. பிள்ளைங்க பயப்படுது."

"ஒரு ஜலஜாவை வெச்சுண்டு பொதுவா முடிவு பண்ண முடியாது. ஃபைல்ல ஆதாரம் வேணும்."

"என்ன ஆதாரம் வேணும், சொல்லுங்க. கொண்டாரேன்."

பட்டாபிராமன் யோசித்தார். அதற்கு முந்தைய வருஷத் தேர்தலில் அவர் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர். காலனியில் அந்தக் கதையைக் கேட்காத காது கிடையாது. முகம் மலர்ந்தது.

"ரகசிய வாக்கெடுப்பு! ஏழாவது, எட்டாவது குழந்தைகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதட்டும். உடம்பைப் பத்தி, வளர்றதைப் பத்தி, கேட்கணும்னு தோணற ஒரு கேள்வி. ஒண்ணும் தோணலைன்னா வெத்துச் சீட்டாப் போடட்டும். பேர் கிடையாது. பாதிக்கு மேல வெத்துச் சீட்டு வந்தா என்ன அர்த்தம்? குழந்தைகள் மனசு இன்னும் அந்தப் பக்கமே போகலைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நீங்க இந்தப் பேச்சை எடுக்கப்படாது. என்றைக்கும்."

"சரி" என்றாள் சூசையம்மாள்.

அவசரக்குடுக்கை! வெளியே வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைகள் எழுதுவார்களா? பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சந்தேகம் கேட்கவே நடுங்குகிற பிள்ளைகள். இதை எழுதுவார்களா? எழுதாவிட்டால் எல்லாம் முடிந்தது. இன்னொரு ஜலஜா இன்னொரு பிரார்த்தனையில் விழுவாள். தான் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அந்த மூன்று நாளும் டிஸ்பென்சரியில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பாவப்பட்டவர்கள்.

வியாழக்கிழமை பட்டாபிராமன் கேஷுவல் லீவ் போட்டுவிட்டு வந்துவிட்டார். எதிராளியானாலும் அந்த மனிதருடைய நேர்மையை மெச்சத்தான் வேண்டும். பிஸ்கட் டின் ஒன்றில் ஓட்டை போட்டு அரக்கு வைத்து சீல் பண்ணியிருந்தார். அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்புக் கட்டியிருந்தார். எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிய காகிதம், ஒரே மாதிரி பென்சில். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். இங்கிலீஷில் எழுதினால் மட்டும், கையெழுத்துத் தெரியாமல் இருக்கப் பெரிய எழுத்தில் தனித்தனியாக எழுத வேண்டும். டீச்சர்களை வெளியே அனுப்பிவிட்டார். சூசையம்மாள் எட்டிப்பார்த்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க கட்சிக்காரர், சிஸ்டர். வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் தள்ளி நிக்கணும்."

அவள் கேட்டுக்கு வெளியே போய் நின்று, தள்ளுவண்டிக்காரனிடம் வேர்க்கடலை வாங்கிக் கொறித்தாள். உள்ளே அவர் பிள்ளைகளிடம் பேசும் குரல் தெளிவாகக் கேட்டது. "யார் எழுதினான்னு யாருக்கும் தெரியாது. உங்க அப்பாவே கேட்டாலும் சொல்லமாட்டேன். இது என் வாக்கு."

ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை. அரக்கை உடைத்துச் சீட்டுகளை மேஜையில் கொட்டினார். மொத்தம் அறுபத்து நாலு. முதலில் வெற்றுச் சீட்டுகளைப் பிரித்தெடுத்தார். எடுத்தவர் எண்ணினார், திரும்ப எண்ணினார், பக்கத்திலிருந்த தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்து எண்ணச் சொன்னார்.

"அஞ்சு" என்றார் தட்சிணாமூர்த்தி. அவர்தான் கமிட்டிச் செயலாளர். மூன்று பெண்களின் தகப்பனார்.

சூசையம்மாளின் நெஞ்சுக்குள் தேர் நகர்ந்தது. ஐம்பத்தொன்பது பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள்! எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருங்கோ. எண்ணிக்கை மட்டும் போறாது. என்ன கேட்டிருக்குன்னு பார்க்கணும்" என்று பட்டாபிராமன் கண்ணாடியை மாட்டினார். எல்லாம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருக்கிற தினுசாக இருக்கும் என்று அவருக்கு ஒரு கடைசி நம்பிக்கை. வாக்குச்சாவடிக் குரலில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'மாதத்தில் மூன்று நாள் அம்மாவைக் காக்கா தொட்டுவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறதே, காக்கா எப்படி உள்ளே வந்தது?'"

ஏழு பேரும் சிரித்தார்கள். மூலையில் விசாலாக்ஷியும் சிரித்துவிட்டாள்.

"'தம்பியை ஆஸ்பத்திரியில் வாங்கினோம் என்றார்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா?'" இன்னும் பெரிய சிரிப்பு.

"'என் குரல் தகரம் மாதிரி ஆகிவிட்டது. நான் பாட்டை விட்டுவிட வேண்டுமா?'"

"'என் கூடப் படிக்கிற எல்லாரும் உயரமாகிவிட்டார்கள். நான் ஆகவில்லை. எனக்குள் எதையாவது வைக்க மறந்துவிட்டார்களா?'"

"'பஸ்ஸில் ஒரு அங்கிள் தினமும் வேண்டுமென்றே இடித்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன தப்பு செய்தேன்?'"

யாரும் சிரிக்கவில்லை. பட்டாபிராமன் அந்தச் சீட்டைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். குரலில் வாக்குச்சாவடி போய்விட்டிருந்தது. பத்து, இருபது என்று படித்துக்கொண்டே போனார். ஒரு சீட்டில்கூடச் சுவரில் எழுதும் வார்த்தை இல்லை. பயம்தான் இருந்தது, விதவிதமான பயம்.

நாற்பதாவதோ என்னவோ, அந்தச் சீட்டு வந்தது. இங்கிலீஷில், பெரிய பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பொருள்: எனக்கு வந்திருக்கும் நோய் தொடர்பாக. மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னவென்றால், என் உடம்பில் நோய் வந்து நான்கு மாதம் ஆகிறது. யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மே மாதம் நாங்கள் எல்.டி.சி.யில் ஊருக்குப் போகிறோம். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் எல்லாருடைய டிக்கெட்டும் வீணாகிவிடும் என்பதால், விரைவில் பதில் வேண்டுகிறேன். நகல்: யாருக்கும் இல்லை."

படித்து முடித்துவிட்டுப் பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றினார்.

மற்ற ஆறு பேரும் எட்டி அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த மாதிரிக் கடிதம் எழுத அங்கே இருந்த ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். லீவ் லெட்டர் எழுதினாலும், மாமாவுக்கு எழுதினாலும், முதலில் "பொருள்", கடைசியில் "நகல்". அதுதான் அவர்கள் பிள்ளைகளுக்கு வைத்த சொத்து. எல்.டி.சி. என்கிற அரசாங்கப் பயணச் சலுகை அந்த வருஷத்தோடு காலாவதி. ஏழு பேருமே மே மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏழு பேருக்கும் அந்த இரண்டு வகுப்புகளில் ஒரு பிள்ளையாவது இருந்தது. ஆக, அந்தச் சீட்டு ஏழு வீட்டில் எந்த வீட்டிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

தட்சிணாமூர்த்தி கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். தனித்தனியான பெரிய எழுத்து. ஒன்றும் தெரியவில்லை.

"யாருன்னு விசாரிச்சுடலாமா சார்? டீச்சரை விட்டு ஜாடையா..."

"கூடாது" என்றார் பட்டாபிராமன். "அப்பா கேட்டாலும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." பிறகு, தனக்கு ஒரே ஒரு மகன்தான் என்பது ஞாபகம் வந்தவராக, சூசையம்மாளிடம் மெல்லக் கேட்டார். "இது... பொண்ணு எழுதினதாத்தானே இருக்கும், சிஸ்டர்?"

"பொண்ணுன்னு எங்க சார் எழுதியிருக்கு? பசங்களுக்கும் உடம்பு மாறுது. பசங்களும் பயப்படறாங்க. பொண்ணுங்களுக்காவது அம்மா என்னைக்காவது சொல்லுவாங்க. பசங்களுக்கு யாருமே சொல்றதில்லை."

அவர் முகம் விழுந்துவிட்டது. சூசையம்மாளுக்கு அப்போது அவர் மேல் கோபமே இல்லை. அவள் மனசெல்லாம் அந்தப் பிள்ளையிடம் இருந்தது. எந்தப் பஸ்ஸில் போகிறதோ, எந்த வரிசையில் உட்கார்கிறதோ, நான்கு மாதமாகத் தன் சாவைத் தானே ஃபைல் போட்டு வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. சொன்னால் தாங்கவா மனப்பக்குவம் இல்லை அதற்கு? சொல்லாததைத் தாங்குகிற பக்குவம் அல்லவா இருந்திருக்கிறது!

இதைச் சொல்லவும் வாய் எடுத்தாள். ஏழு முகங்களையும் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். ஆயுளில் அவள் விழுங்கிய ஒரே பதில் அதுதான்.

"யாருன்னு தேட வேண்டாம் சார். எல்லாருக்கும் சொல்லிட்டா அந்தப் பிள்ளைக்கும் சொன்னதாச்சு" என்றாள்.

தட்சிணாமூர்த்தி வழக்கம்போல் ஆரம்பித்தார். "அப்போ தீர்மானம் எழுதி, டைப் பண்ணி, சுத்துக்கு விட்டு, அடுத்த மீட்டிங்ல மினிட்ஸ் உறுதிப்படுத்தி..."

"மினிட்ஸ் கிடக்கட்டும்யா!" என்று பட்டாபிராமன் மேஜையைத் தட்டினார். "நாளைக்கு. முதல் பீரியட்."

மினிட்ஸ் கிடக்கட்டும் என்று அண்டர் செக்ரட்டரி ஒருவர் சொன்னதைக் கேட்ட பாக்கியம் சூசையம்மாளுக்கு வாய்த்தது. பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டர் சில்லறை இல்லை என்று எரிந்து விழுந்தபோதுகூட அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, விஞ்ஞான அறையில் முப்பத்து மூன்று பெண்கள். சூசையம்மாள் வெள்ளைப் புடவையை விறைப்பாகக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. படம் போட்டாள். பெண்ணின் உடம்புக்குள் என்ன இருக்கிறது, மாதாமாதம் ஏன் ரத்தம் வருகிறது, எத்தனை நாள் வரும், துணியை எப்படித் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், குழந்தை எங்கே எப்படி வளருகிறது, எல்லாவற்றையும் அதனதன் பேர் சொல்லிச் சொன்னாள். பஸ்ஸில் இடிக்கிறவனைப் பற்றியும் சொன்னாள். "தப்பு அவனோடது. சத்தம் போடு. வீட்ல வந்து சொல்லு. வீட்ல கேக்கலைன்னா எங்கிட்ட வந்து சொல்லு, நான் கேக்கறேன்." முதலில் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சூசையம்மாளும் சிரித்தாள். பிறகு கேள்விகள் கொட்டின.

கடைசியில் அவள் சொன்னாள்: "இது நோய் இல்லை. இதனால யாரும் சாகறதில்லை."

சொல்லிவிட்டு அந்த ஒரு முகத்தைத் தேடினாள். ஒரு முகம்தான் மாறும் என்று நினைத்திருந்தாள். ஏழெட்டுப் பெண்கள் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

மூன்றாம் வரிசைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "நிச்சயமாவா, சிஸ்டர்?"

"நிச்சயமா."

"எழுத்துல குடுப்பீங்களா?"

சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளாயிற்றே! வாய் வார்த்தை எடுபடுமா? பாதி வகுப்பு தலையை ஆட்டியது. சூசையம்மாள் திரும்பி, கரும்பலகையின் மேல் பாதியில் பெரிதாக எழுதினாள். "உடம்பு வளருவது நோய் இல்லை. இதனால் யாரும் சாகமாட்டார்கள்." கீழே முழுக் கையெழுத்தும் போட்டு, ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதி, தேதியும் போட்டாள்.

அந்தப் பெண்கள் வெளியே போன சத்தம் இருக்கிறதே! மணி அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து முப்பத்தொரு பையன்கள் வந்தார்கள், அடிக்கப்போகிறார்கள் என்பது போன்ற முகத்தோடு. பலகையில் இருந்ததை அவள் அழிக்கவில்லை. "இது உங்களுக்கும்தாண்டா" என்று ஆரம்பித்தாள். பீரியட் முடிந்தபோது பையன்களும் அதே சத்தத்தோடு போனார்கள்.

சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் ஏழு பேர். ஏழு பேரும் அரை நாள் லீவ். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாக வந்து, வராந்தாவில் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறார். எல்லா முகமும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"யாருன்னு தெரிஞ்சுதா, சிஸ்டர்?" என்றார் பட்டாபிராமன்.

"தெரியலை சார். ஆனா அந்தப் பிள்ளைக்குப் பதில் போய்ச் சேந்தாச்சு."

அவர் உள்ளே வந்தார். பலகையில் இருந்ததை நிதானமாக, ஃபைல் படிப்பது போல, மேலிருந்து கீழாகப் படித்தார். மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் இனிஷியலைப் போட்டு, தேதியும் போட்டு, சாக்பீஸைத் தட்சிணாமூர்த்தியிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். அந்தக் கமிட்டியின் சரித்திரத்தில் ஏழு பேரும் ஒரே நாளில், "கலந்து பேசவும்" என்று எழுதாமல், ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் கையெழுத்திட்ட ஒரே குறிப்பு அதுதான்.